மணலுக்கு வாடகை

சென்னையின் மேற்குப் புறநகரில் வளர்ந்தவனுக்குக் கடல் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவல்லிக்கேணிக்காரருக்கு அது தெருமுனை, மயிலாப்பூர்க்காரருக்கு மாலை நடை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் இருப்பவர்கள் அதற்காகத் திட்டமிட வேண்டும். என் சிறுவயதில் அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. மூன்று மாதத்துக்கொருமுறை ஞாயிறு விடுப்பு அமைந்தால் புளிசாதத்தைத் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு, ஒரு பழைய போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அம்பத்தூரில் ரயில் ஏறுவோம். சென்ட்ரலில் இறங்கி, பேருந்து பிடித்து, அண்ணா சதுக்கத்தில் இறங்கி மணலில் நடப்போம். போர்வையை விரித்ததும் அந்த ஆறடி நிலம் எங்களுடையது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்டதாகவோ காசு கொடுத்ததாகவோ நினைவில்லை. சுண்டல் வாங்கினால் வாங்கினோம், வாங்காவிட்டால் சுண்டல்காரப் பையன் அடுத்த போர்வைக்குப் போய்விடுவான்.

இதைக் கடந்தகால ஏக்கமாக எழுதவில்லை. அந்நாளைய கடற்கரை அசுத்தமானது, கழிப்பறை கிடையாது, இருட்டினால் பெண்கள் நிற்க முடியாது. அதற்குத் திரும்பிப் போக வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் பேச வந்தது நாற்காலியைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன் அம்மாவைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். எழுபத்து நான்கு வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. தரையில் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். ஆனாலும் அலையைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றாள். மணலில் அவளைத் தாங்கி நடத்திக்கொண்டு நீரோரம் வந்தால், ஈர மணல் தொடங்கும் இடம் வரைக்கும் சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நான்கு நாற்காலிக்கு ஒரு மேசை என்று வரிசை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பாதிக்குமேல் காலி. அம்மா ஓரத்தில் இருந்த ஒன்றில் உட்கார்ந்தாள். அரை நிமிடம் ஆகியிருக்காது, ஒரு பையன் வந்துவிட்டான்.

“சார், அது கஸ்டமருக்கு.”

“எங்களுக்கு ஒண்ணும் வேணாம்பா, ஆயாவுக்குக் கால் முடியல, அஞ்சு நிமிஷம்.”

“சும்மா உக்காரணும்னா சேருக்கு அம்பது ரூபா சார். இல்லன்னா ஏதாவது சாப்பிடுங்க.”

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எந்திரிடா, நான் மண்ணிலயே உக்காந்துக்கறேன்” என்றாள். உட்காரவும் முடியாது, உட்கார்ந்தால் எழவும் முடியாது என்று அவளுக்கும் தெரியும். நாற்காலிகளுக்கு இடையே போர்வை விரிக்க இடமும் இல்லை. 50 ரூபாய் கொடுத்தேன். கொடுத்த பிறகு அம்மா கடலைப் பார்க்கவில்லை, அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

இந்தக் கதையை இலக்கிய நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் தயங்காமல் ஒரு தீர்வு சொன்னார்: “எல்லாரையும் காலி பண்ணணும். ஒரு கடை இருக்கக் கூடாது.” நல்ல வாசகர். சங்க இலக்கியத்தில் தோய்ந்தவர். நெய்தல் திணையைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுவார். அவருடைய கடற்கரையில் தாழையும் புன்னையும் உண்டு, இரங்கும் தலைவி உண்டு, வணிகம் மட்டும் கிடையாது. அவருக்கு நான் நினைவுபடுத்த விரும்புவது பட்டினப்பாலையை. காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையில் பண்டம் மலைபோலக் குவிந்து கிடக்கிறது. சுங்கம் வாங்குகிறார்கள், புலி முத்திரை குத்துகிறார்கள். அதே நூலில் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உவா நாளில் தொழிலுக்குப் போகாமல் மணலில் உண்டு ஆடுகிறார்கள். தமிழ்க் கடற்கரையில் வணிகம் இருந்தே வந்திருக்கிறது. ஆனால் அந்தப் புலி முத்திரை மூட்டையின்மேல் விழுந்தது. மணலில் ஆடியவர்கள்மேல் விழுந்ததாகப் பாட்டில் இல்லை.

‘காலி பண்ணணும்’ என்ற சொல்லுக்குச் சென்னைக் கடற்கரையில் ஒரு வரலாறு இருக்கிறது, அதை மறந்துவிட்டு யாரும் பேசக் கூடாது. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகப் படகையும் வலையையும் அகற்ற எம்.ஜி.ஆர். அரசு முனைந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. 2023 ஏப்ரலில் மெரினா இணைப்புச் சாலையில் போக்குவரத்து நெரிசல் என்று உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. மாநகராட்சி மீன் கடைகளை அகற்றியது. நொச்சிக்குப்பத்து மக்கள் படகுகளைச் சாலையில் நிறுத்தி மறித்தார்கள். அந்தக் குப்பம் சாலைக்கு முன்பே அங்கு இருந்தது, சாலைதான் பிறகு வந்தது. கடைசியில் 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. போராடாமல் இருந்திருந்தால் அதன் வடிவமும் காலமும் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

நடுத்தர வர்க்கத்து மனத்தில் ‘சுத்தமான கடற்கரை’ என்று ஒரு படம் இருக்கிறது. பெரும்பாலும் அது விமானப் பயணத்தில் பார்த்த வேறொரு நாட்டுக் கடற்கரை. அந்தப் படத்தில் மீன்வாடை இல்லை, பஜ்ஜி எண்ணெய் இல்லை, காணும் பொங்கலன்று லாரியில் வந்திறங்கும் கூட்டம் இல்லை. உற்றுப் பார்த்தால் அதில் பூவிருந்தவல்லியிலிருந்து பேருந்தில் வந்தவனும் இல்லை. கடைக்காரனைத் துரத்தும் கை அடுத்தபடியாகத் துரத்தப்போவது போர்வையோடு வந்தவனை. எனவே அந்த அணியில் நான் சேரமாட்டேன்.

எதிர் அணியிலும் சேர முடியவில்லை. அங்கே இன்னொரு நண்பர் இருக்கிறார், முற்போக்காளர். “ஏழையோட வயித்துல அடிக்காதீங்க” என்று தொடங்குவார். அவருக்குக் கடற்கரை வியாபாரி ஓர் உருவகம், சுரண்டப்படும் மனிதர்களின் ஒட்டுமொத்தப் பிரதிநிதி. அந்த வியாபாரி இன்னோர் ஏழையின் தாயை நாற்காலியிலிருந்து எழுப்பினால் அது அவருடைய உருவகத்துக்குள் அடங்காது. ஏழை ஏழையிடம் வாடகை வாங்குவதும் உலகில் நடக்கத்தான் செய்கிறது. அதைப் பார்க்க மறுப்பது கருணையாகாது, சோம்பல்தான்.

*

அந்தப் பையன் வேலை செய்த வண்டியின் உரிமையாளரம்மாவிடம் கொஞ்ச நேரம் பேசினேன். (சண்டை போடத்தான் போனேன், ஒளிப்பானேன்.) நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. நாற்காலிகள் அவருடையவை அல்ல. யாரோ ஒருவர் மொத்தமாக வைத்திருந்து நாள் வாடகைக்கு விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை என்றால் வாடகை கூடுதல். எடுத்த நாற்காலிக்கெல்லாம், ஆள் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும், இரவில் கணக்குத் தீர்க்க வேண்டும். “சும்மா உக்கார வுட்டா எனக்குக் கைய வுட்டுப் போவுது சார்” என்றார். “சேர் போடலன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க. அவங்க இருவது போட்டா நான் முப்பது போடணும்.”

இதில் ஒரு சிறு பொருளாதாரம் இருக்கிறது. வண்டி ஏழடிக்கு ஐந்தடி என்று வைத்துக்கொள்வோம், 35 சதுர அடி. நான்கு நாற்காலியும் ஒரு மேசையும் ஆள் நடமாட இடத்தோடு பத்துக்குப் பத்து அடி பிடிக்கும். பத்து மேசை போட்டால் 1,000 சதுர அடி. அதாவது வண்டி தன்னைப்போல ஏறத்தாழ முப்பது மடங்கு மணலைத் தின்கிறது. இப்படி 300 வண்டிகள் பரப்பினால் 3 லட்சம் சதுர அடி, கிட்டத்தட்ட ஏழு ஏக்கர். அதுவும் மணல்வெளியின் பின்பக்கத்து ஏழு ஏக்கர் அல்ல, மக்கள் எதற்காக வருகிறார்களோ அந்த நீரோரத்து ஏழு ஏக்கர். மெரினா சராசரியாக 300 மீட்டர் அகலம் என்பார்கள். அகலத்தைக் கொண்டு யார் என்ன செய்ய? கடல் பார்க்க வந்தவனுக்கு வேண்டியது முன்வரிசைதான்.

நீதிமன்றமும் மாநகராட்சியும் இத்தனை ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருப்பது வண்டிகளை. மெரினாவுக்கு 900 வண்டிகள், ஒரே மாதிரியான வடிவமைப்பு, குலுக்கல், பழைய வியாபாரிகளுக்கு இத்தனை, புதியவர்களுக்கு இத்தனை என்று உயர்நீதிமன்ற வழக்கின் வழியாக ஓர் ஏற்பாடு உருவானது. 2021 ஜனவரியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் மேற்பார்வையில் குலுக்கலும் நடந்தது. அது தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வண்டியை எண்ணிவிட்டு நாற்காலியை எண்ணாமல் விடுவது, வீட்டுக்கு வரி போட்டுவிட்டு வேலியை அளக்காமல் விடுவது போல. 35 சதுர அடிக்கு உரிமம் வாங்கியவர் 1,000 சதுர அடியை ஆள்கிறார். அந்த ஆட்சியும் அவருடையது அல்ல, நாற்காலி முதலாளியுடையது. உரிமத்தில் பெயரில்லாத மனிதர் மாலையில் வந்து காசை எண்ணிக்கொண்டு போகிறார்.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை நான் மதிக்கிறேன். வியாபாரியைக் குற்றவாளியாகப் பார்த்த காலத்தை அது முடித்துவைத்தது. கணக்கெடுப்பு நடக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்றது, நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காடு இடம் வியாபாரிகள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு என்றது. ஆனால் அந்தச் சட்டம் பாதுகாப்பது வாழ்வாதாரத்தை. பிறர் உட்கார இருக்கும் இடத்தை முன்கூட்டியே பிடித்து வைத்து வாடகைக்கு விடும் உரிமையை அல்ல. பஜ்ஜி விற்பதற்கும் மணல் விற்பதற்கும் வேறுபாடு உண்டு. பஜ்ஜியில் அவருடைய மாவும் எண்ணெயும் உழைப்பும் இருக்கின்றன. மணலில் அவருடையது என்ன இருக்கிறது?

*

மணல் யாருடையது என்று கேட்டால் மெரினாவைப் பொறுத்தவரை ஒரு வேடிக்கையான விடை கிடைக்கும். ஆதியில் அங்கே இவ்வளவு மணல் இல்லை, அலை இன்றைய சாலைக்கு வெகு அருகில் அடித்துக்கொண்டிருந்தது. 1876இல் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகரும் மணலை அந்தச் சுவர் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா ஆனது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை போட்டு அந்தப் பெயரைச் சூட்டினார். வடக்கே மணல் கிடைக்காமல் கடல் உள்ளே வந்தது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை இன்றும் கல் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆக மெரினாவின் மணல் வடசென்னை இழந்த மணல். பொதுப்பணத்தில் கட்டிய சுவரும் ஏழைக் குப்பங்களின் இழப்பும் சேர்ந்து உண்டாக்கிய நிலம். இதற்கு வாடகை கேட்கும் உரிமை யாருக்காவது உண்டென்றால் அது வடசென்னை மீனவருக்குத்தான் இருக்க முடியும்.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை எல்லாருக்கும் பொது என்று ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியனின் ரோமானியச் சட்டத் தொகுப்பு வகுத்தது. 1996இல் எம்.சி. மேத்தா – கமல்நாத் வழக்கில், இமாசலத்தின் பியாஸ் ஆற்றோரத்தைத் தனியார் விடுதிக்கு விட்டுக்கொடுத்ததை ரத்து செய்தபோது நம் உச்சநீதிமன்றம் அந்தக் கருத்தை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அரசு இவற்றின் உரிமையாளர் அல்ல, பொதுமக்களுக்காகக் காத்துவைத்திருக்கும் அறங்காவலர். 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, தற்காலிகச் சுற்றுலா வசதிகளை அனுமதிக்கும் இடங்களில்கூட உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி ஒரு கட்டுமானமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். அலை வந்து காலை நனைக்கும் இடத்தில் நட்ட நாற்காலி அந்த விதியின் நோக்கத்துக்கு விரோதமானது என்று சொல்ல வழக்கறிஞர் தேவையில்லை.

தமிழ்ச் சமூகத்தில் உட்காருதல் என்பது எப்போதும் அதிகாரத்தின் செய்கை. யார் திண்ணையில் உட்காரலாம், யார் நின்றுகொண்டே பேச வேண்டும், யார் வந்தால் யார் எழ வேண்டும் என்பதில்தான் நம் சாதி குடியிருந்தது. மணல்வெளி அதைச் சற்றே தளர்த்திய இடம். எல்லாரும் ஒரே மட்டத்தில், ஒரே மண்ணில். 1923இல் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இந்த நகரத்தின் கடற்கரையில். அவர் மீனவர் குலத்தில் பிறந்தவர். தேசிய இயக்கத்தின் கூட்டங்கள் திலகர் திடலில் நடந்தன. வந்தவர்கள் மணலில் உட்கார்ந்தார்கள். 2017 ஜனவரியில் லட்சக்கணக்கானோர் அங்கே நாள்கணக்கில் உட்கார்ந்தபோது யாருக்கும் நாற்காலி போடப்படவில்லை. அடுத்த ஆண்டு விவசாயிகள் சங்கம் ஒன்று உண்ணாவிரதத்துக்கு அனுமதி கேட்டபோது அரசு மறுத்தது, உயர்நீதிமன்ற அமர்வும் அரசின் பக்கமே நின்றது. போராட உட்காரக் கூடாது, பஜ்ஜி தின்ன உட்காரலாம். பொதுவெளி என்பது வாடிக்கையாளர் வெளியாக மாறுவதன் முதல் அறிகுறி இதுவென்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் மணலைப் போற்றிப் பாடிவிட்டு முடித்துக்கொள்ள முடியவில்லை, அம்மாவின் முட்டி குறுக்கே வருகிறது. சமத்துவ மணலில் உட்கார முடியாதவர்களும் இருக்கிறார்கள். கர்ப்பிணிகள், முதியவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள். 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தார்கள். அதுவரை கடலைத் தொட்டே பார்த்திராத பலர் அதில் போய் அலையைத் தொட்டார்கள். இரண்டு வாரம் கழியுமுன் மாண்டஸ் புயலில் அதன் கடலோரப் பகுதி சிதைந்தது, பிறகு சீரமைத்தார்கள். நாற்காலி வேண்டாம் என்று நான் சொன்னால் என் தாயிடமே பொய் சொன்னவனாவேன். வாடகை நாற்காலியைக்கூட நான் மறுக்கவில்லை. கேட்டவனுக்குக் கொடு, காசு வாங்கிக்கொள். கேட்காதவனின் இடத்தில் அதை நட்டு வைக்காதே. காலி நாற்காலி என்பது வராத ஆளுக்காக வந்த ஆளை வெளியேற்றும் கருவி. என் குற்றச்சாட்டு முழுவதும் அந்தக் காலி நாற்காலியின்மீதுதான்.

*

உலகில் நாம் மட்டும் இதில் சிக்கிக்கொள்ளவில்லை. 2023 கோடையில் கிரேக்கத்தின் பாரோஸ் தீவில் ஊர்மக்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் ஊர்வலம் நடத்தினார்கள். சாய்வு நாற்காலி வாடகைக்காரர்கள் மணலை முழுக்கப் பிடித்துக்கொண்டதால் துண்டு விரிக்க இடமில்லை என்பதே புகார். துண்டு இயக்கம் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. மற்றத் தீவுகளுக்கும் பரவியது. 2024இல் அந்நாட்டு அரசு சட்டம் கொண்டுவந்தது. கடற்கரையின் குறைந்தது பாதி நாற்காலி இல்லாமல் இருக்க வேண்டும், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 70 விழுக்காடு. மீறலைப் படமெடுத்து அனுப்பக் கைப்பேசிச் செயலி, கண்காணிக்க டிரோன். கிரேக்கர்களின் துண்டும் எங்கள் போர்வையும் ஒன்றுதான். அவர்கள் ஊர்வலம் போனார்கள், நாங்கள் 50 ரூபாய் கொடுத்தோம்.

நம்மூரில் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. டென்மார்க்கிலிருந்து வழங்கப்படும் நீலக்கொடிச் சான்று 2021இல் கோவளத்துக்குக் கிடைத்தது. சான்றுக்கு 33 அளவுகோல்கள். நீரின் தரம், கழிப்பறை, பாதுகாப்பு எல்லாம் உண்டு, நல்லவைதான். மெரினாவின் ஒரு பகுதியிலும் 2025இல் அதற்காக மூங்கில் குடைகளும் சாய்வு இருக்கைகளும் வைத்தார்கள். பொது இருக்கை என்ற அளவில் வரவேற்கிறேன், அம்மாவுக்கு இனி அங்கேதான் போகச் சொல்வேன். என் கவலை அடுத்த கட்டத்தைப் பற்றியது. பராமரிக்கப் பணம் வேண்டும் என்பார்கள், ஒப்பந்தத்துக்கு விடுவார்கள், ஒப்பந்ததாரர் குடைக்குக் கீழே கட்டணப் பலகை வைப்பார். பூங்காக்களிலும் கழிப்பறைகளிலும் வாகன நிறுத்தங்களிலும் இந்த வரிசையை நாம் பார்த்துப் பழகியவர்கள். ஏழை வியாபாரியின் நாற்காலியை அகற்றிவிட்டு நிறுவனத்தின் நாற்காலியைப் போடுவது சீர்திருத்தமாகாது.

“கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாளிகைகளும் விடுதிகளும் சுவரெழுப்பிக் கடலையே மறைத்துவிட்டன, நீங்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு மல்லுக்கு நிற்கிறீர்களே” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீலாங்கரை தாண்டினால் கடல் இடப்பக்கம் இருக்கிறது என்பதை நம்பிக்கையாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், பார்வைக்குத் தெரிவது மதில்தான். மணல் பொது, ஆனால் மணலுக்குப் போகும் சந்து பூட்டியிருந்தால் அந்தப் பொதுமை யாருக்கு? அது பெரிய கொள்ளை, தனியாக எழுத வேண்டும். ஆனால் ஆவடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருபவன் நீலாங்கரைக்குப் போவதில்லை. அவனுக்குக் கிடைப்பது மெரினாவும் பெசன்ட் நகரும்தான். பெரிய கொள்ளையால் விரட்டப்பட்டு மிச்சமிருக்கும் மணலுக்கு வந்தவனிடம் சிறிய வாடகை கேட்கப்படுகிறது.

*

எங்கள் பக்கத்தில் நீர் இல்லாமல் இல்லை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம், போரூர், பூவிருந்தவல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம் என்று ஏரிகளின் நாடு இது. ஆனால் ஏரியோரம் உட்கார்ந்து மாலையைக் கழிக்கும் பழக்கம் எங்களுக்கு வாய்க்கவில்லை. பாதி ஏரிகளில் கழிவு, மீதியில் வேலி. 2015 டிசம்பருக்குப் பிறகு செம்பரம்பாக்கம் என்ற பெயரே மழைக்காலத்தில் அச்சமூட்டுகிறது. ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்து 2019இல் பூங்காவாகத் திறந்தார்கள். அதில் கூடும் கூட்டத்தைப் பார்த்தாலே எங்கள் பசி எவ்வளவு என்று தெரியும்.

இந்த ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, நேருவின் முன்னிலையில் ‘சோஷலிச பாணிச் சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பின் பீரங்கித் தொழிற்சாலை வந்தது, பக்கத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. மாநிலம் முழுவதிலுமிருந்து தொழிலாளர்கள் வந்து குடியேறினார்கள். வாரத்துக்கு ஆறு நாள் இரும்போடு மல்லாடியவர்களின் ஏழாவது நாளுக்கு அந்தத் தீர்மானத்தில் ஏதாவது இடமிருந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. நடைமுறையில் அந்த ஏழாவது நாளுக்கு இருந்தது ரயிலும் மணலும்தான். ரயிலும் எளிதல்ல. ஆவடியிலிருந்து மூர் மார்க்கெட் வளாகம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அங்கிருந்து பறக்கும் ரயிலுக்கோ பேருந்துக்கோ மாற வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை, நான்காவது பாதைப் பணிக்காகக் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டிருந்தபோது அதுவும் இல்லை. போக வர மூன்று மணிநேரம் செலவழித்து வருபவன் மணலில் இரண்டு மணிநேரம் உட்காரத்தான் வருகிறான். நான்கு பேர் குடும்பத்துக்கு நாற்காலி வாடகை 200 ரூபாய் என்றால் அது அவர்கள் அனைவரின் ரயில் கட்டணத்தைவிடப் பலமடங்கு.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நான்காம் வழித்தடத்துக்கு ஒரு முனை பூவிருந்தவல்லி புறவழிச்சாலை, மறுமுனை கலங்கரை விளக்கம். 26.1 கிலோமீட்டர். முழுத்தடமும் ஓடத் தொடங்கினால் மேற்குப் புறநகரிலிருந்து கடற்கரைக்கு மாறாமல் வந்திறங்கலாம். எங்கள் வரலாற்றில் முதன்முறையாகக் கடல் ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு கிழமையிலும் கிடைக்கப்போகிறது. நிலையத்திலிருந்து மேலேறி வருபவன் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். கூட்டம் வந்தபின் முடிவு செய்ய வாய்ப்பிருக்காது, நாற்காலி முதலாளிகள் முடிவு செய்திருப்பார்கள்.

என் கோரிக்கை மிகச் சிறியது. நாற்காலிகள் வண்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கட்டும். வேண்டுமென்பவர் வாங்கிப்போய் விரும்பிய இடத்தில் போட்டுக்கொள்ளட்டும், எழுந்ததும் அது மீண்டும் அடுக்குக்குப் போகட்டும். வாடகை எவ்வளவு என்பது வண்டியில் எழுதியிருக்கட்டும். எத்தனை நாற்காலி என்பது வியாபாரியின் அட்டையிலேயே குறிக்கப்படட்டும், அட்டையில்லாத மொத்த முதலாளிக்கு மணலில் வேலை இல்லை. நீரோரத்தில் ஓர் ஐம்பது மீட்டருக்கு மேசையோ நாற்காலி வரிசையோ கூடாது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாநகராட்சி இலவசமாக இருக்கை தர வேண்டும். அம்மா உணவகமும் மகளிர் இலவசப் பேருந்தும் நடத்தத் தெரிந்த மாநிலத்துக்கு இருநூறு நாற்காலி பெரிய செலவல்ல. இவையெல்லாம் நகர விற்பனைக் குழுவில், வியாபாரிகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருக்க முடிவாக வேண்டும், அதிகாலையில் புல்டோசரோடு வந்து அல்ல.

வியாபாரிகள் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று இரண்டு நண்பர்களுமே சொன்னார்கள், ஒருவர் ஏளனமாக, மற்றவர் வருத்தமாக. நான் அந்த அம்மாவிடமே கேட்டிருந்தேன். அவர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்: “எல்லார் சேரும் போச்சுன்னா என்னுதும் போவட்டும் சார், எனக்கு வாடகை மிச்சம். என்னுது மட்டும் போனாத்தான் நான் செத்தேன்.”